கடகட சாரின் காபிக்கொட்டைத் தந்தி

தாம்பரத்தில் கடகட சாரைப் போல ஆசையாகக் காபிக்கொட்டை வறுத்தவர் யாரும் கிடையாது. அவரைப் போல அதைக் கெடுத்தவரும் யாரும் கிடையாது. இரண்டையும் ஒரே மனிதர், ஒரே டிரம்மில், ஒரே நேரத்தில் செய்தார் என்பதுதான் விசேஷம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தந்தி ஆபீஸில் வேலை. பகலெல்லாம் அங்கே கடகடவென்று தட்டிவிட்டு, எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து இறங்கி, இங்கே கடகடவென்று டிரம்மைச் சுற்றுவார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

நாங்கள் குடியிருந்தது கிழக்குத் தாம்பரத்தில் டீச்சரம்மா வீட்டில். முன்பக்கம் டீச்சரம்மா. பின்பக்கம் இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் மனைவி ராணியும் என் தையல் மிஷினும். இன்னொன்றில் கடகட சாரும் அவருடைய டிரம்மும். சார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ராணி பீர்க்கன்கரணைக்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது. "எந்தப் பொண்ணு சார் இந்தப் பொகையில வந்து குந்தும்?" என்று அவரிடமே கேட்பாள்.

"தம்பி, உன் சம்சாரம் எப்பவும் பாயிண்டாத்தான் பேசறா" என்பார் சார், என்னைப் பார்த்து. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. நான் பேசியும் அவர் பார்த்ததில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். அளவெடுக்கும்போதுகூட டேப்பைப் பார்ப்பேனே தவிர ஆளைப் பார்க்க மாட்டேன்.

அந்த டிரம், ஒரு பெரிய பிஸ்கட் டின். நடுவில் ஒரு கம்பியைச் செருகி, ஒரு முனையைக் கைப்பிடியாக வளைத்திருந்தார். பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் செய்தது. கீழே குமுட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். பச்சைக் கொட்டையைப் பட்டணத்திலிருந்து வாங்கி வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாரென்றால் தெருவில் நாய்கூட இடம் மாறிப் படுக்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவர் காபி குடிக்க மாட்டார். வயிற்றுப் புண். காபியை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "குடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? வறுக்கக் கூடாதுன்னு சொல்லலியே?" என்று பார்லி கஞ்சியைக் குடித்துவிட்டு, மற்றவர்களுக்காக வறுத்தார். அதனால் தாம் என்ன செய்கிறோம் என்பது கடைசி வரை அவருக்குத் தெரியவே இல்லை.

மற்றவர்கள் கொட்டையின் நிறத்தைப் பார்ப்பார்கள், வாசனை பிடிப்பார்கள். சாருக்கு எல்லாம் காதுதான்.

"கொட்டை பேசும் தம்பி. மொதல்ல டக்குனு ஒண்ணு, டக்குனு இன்னொண்ணு. அப்புறம் சரசரன்னு கொட்டும். கொஞ்சம் மூச்சு வாங்கும். மறுபடியும் மெல்லிசா ஆரம்பிக்கும். கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் நாம காது குடுத்துக் கேக்கணும். தந்தி வந்துகிட்டு இருக்கறப்ப எவனாவது பாதியில எழுந்து போவானா?"

வேலையில் அவர் புலி என்று சொல்வார்கள். பாதித் தந்தி வாங்கிய பழியே அவருக்கு வந்தது கிடையாதாம். அந்த நல்ல பழக்கம்தான் கொட்டையைக் கொன்றது. ஒரு சத்தமும் வராமல் டிரம் அடங்கி, இனிமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று கொட்டை கையை விரித்த பிறகுதான் அவர் அதை இறக்குவார். அதற்குள் உள்ளே இருப்பது கரி. குமுட்டியில் போடுகிற கரிக்கும் டிரம்மிலிருந்து கொட்டுகிற கரிக்கும் உருவத்தில்தான் வித்தியாசம்.

கேட்கிற வேலை ஆயிற்றே, காம்பவுண்டில் ஊசி விழக் கூடாது. என் மிஷினை நிறுத்த வேண்டும். ராணி பாத்திரம் கழுவக் கூடாது. ஒருநாள் தெருவில் கூவிக்கொண்டு போன கீரைக்காரியிடம் ஓடிப்போய், "கொஞ்சம் மனசுக்குள்ளயே கூவிக்கிட்டு போம்மா" என்று கெஞ்சினார்.

வறுத்து, அரைத்து, டிகாஷன் இறக்கி, டம்ளர் டபராவோடு வாசலில் வந்து நிற்பார். யாரையும் விட மாட்டார். தபால்காரர் எங்கள் வீட்டுத் தபாலை மட்டும் சைக்கிளிலிருந்து இறங்காமல் கேட்டுக்கு மேலாக வீசிவிட்டு மிதிப்பார். பால்காரர் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், இதுக்கு நான் பாலு வேற குடுக்கறேனா?" என்று கேட்டார். சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த முகத்தைப் பார்த்து யாராலும் நன்றாக இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தை ஒன்று தான் வரைந்த படத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி நிற்பார்.

சொல்லக்கூடிய ஒரே ஆள் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். கணவர் இல்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஞாயிறு தவறாமல் சர்ச். பொய் அவர் வாயில் வராது. எனக்குத் தெரிந்து ஒரு கல்யாண வீட்டில் பெண் எப்படி என்று கேட்டதற்கு, "ஆரோக்கியமா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவர். குடித்தனக்காரர்களிடம் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று ஒரு கொள்கையும் வைத்திருந்ததால், அதுவரை சாரின் காபிக்குத் தப்பியிருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பின்பக்கம் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

"சார், இன்னிக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். இன்ஸ்பெக்டர் என் பக்கத்துல வந்து நின்னார். மூக்கை உறிஞ்சினார். 'டீச்சர், உங்க வீட்ல ஏதாவது தீப்பிடிச்சுதா? ஒண்ணும் சேதம் இல்லையே?'ன்னு கேட்டார். பிள்ளைங்க அத்தனையும் சிரிச்சுது."

கொடியில் காயப்போட்ட சேலை பூராவும் புகை. போதாததற்குக் கொட்டையிலிருந்து பறந்த தொலி முதுகெல்லாம் மிளகு தூவினாற்போல ஒட்டியிருந்தது.

"ஒண்ணு அந்த டிரம் போகணும். இல்ல நீங்க போகணும். முடிவு பண்ணிச் சொல்லுங்க."

சார் ரொம்ப நேரம் டிரம்மைப் பார்த்தார். வெற்றிலை, சீட்டு, சினிமா எதுவும் கிடையாது அவருக்கு. ஆபீஸ் விட்டால் அந்த டின்தான். அதைவிட்டால் பார்லி கஞ்சி.

"டீச்சர், நீங்க ஒரு தடவைகூட நம்ம காபியைக் குடிச்சதில்ல. குடிச்சுப் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லுங்க. நல்லா இல்லன்னா டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். சத்தியமா."

டீச்சரம்மா யோசித்தார். கேட்காமல் தண்டிப்பது அவருக்கும் பிடிக்காது. "சரி. வர்ற ஞாயிறு, நான் சர்ச்சிலேருந்து வந்ததும். நல்லா இருந்தா டிரம் இருக்கலாம். இல்லன்னா அன்னிக்கே போகணும்."

அவர் போனதும் ராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க. டிரம்முக்கு ஒரு மாலை வாங்கியாந்து போட்டுடு."

சாருக்கோ துளியும் பயம் இல்லை. காபியில் அவருக்குச் சந்தேகமே கிடையாதே! அவருடைய கவலையெல்லாம் ஆகாயத்தின் மேல். போர் வரும் போர் வரும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்து விமானதளத்திலிருந்து விமானங்கள் நேரம் காலமில்லாமல் தலைக்கு மேலே பறந்தன. சரியாகக் கொட்டை பேச ஆரம்பிக்கும்போது ஒன்று உறுமிக்கொண்டு போகும். சார் டிரம்மை அப்படியே விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்து, "அட, கொஞ்சம் இருங்கப்பா!" என்று கத்துவார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, சட்டையை மாட்டு. சும்மா ஒரு விஷயம் கேட்டுட்டு வந்துடலாம்."

அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்க எனக்குக் கூச்சம். விமானதளத்துக் கேட்டுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்கு இடம் தெரிந்தது. துப்பாக்கியோடு நின்ற காவல்காரரிடம் சார் நேராகப் போய், நல்ல இங்கிலீஷில், மிகுந்த மரியாதையாகக் கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த நேரத்தில் உங்கள் விமானம் ஒன்றுகூட மேலே இருக்காது?

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மிக வேகம். காவல்காரர் இந்தியில் ஏதோ கத்தினார். இன்னும் சிலர் ஓடி வந்தார்கள். காவல் அறையில் ஒரு பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். தமிழ் தெரிந்த சார்ஜென்ட் ஒருவர், மீசைக்காரர், எதிரே வந்து நின்றார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தந்தி ஆபீஸ்ல" என்றார் சார், பெருமையாக. சார்ஜென்டின் மீசை ஒரு பக்கம் உயர்ந்தது.

"பையில என்ன?"

சார் பையைத் திறந்து காட்டினார். பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் கொட்டை, நேரம் சொல்கிறவருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்தது.

"என்ன விதைய்யா இது?"

"காபி, சார்."

"எனக்கே கதை சொல்றீங்களா? காபி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது?" சார்ஜென்ட் என் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

"இவன் ஏன் பேச மாட்டேங்கறான்?"

"அவனுக்குக் கூச்சம் சார்" என்றார் கடகட சார்.

"ஒற்றனுக்கு என்னய்யா கூச்சம்?"

எங்களுக்குச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். சார் டீச்சரம்மாவின் பள்ளிக்கூடத்தைச் சொன்னார். ஒரு ஆள் சைக்கிளில் போனார். சார்ஜென்டுக்கு மட்டும் அந்தக் கொட்டையின் மேல் கண்ணாகவே இருந்தது. "இது காபின்னா, இங்கயே வறுத்துக் காட்டுங்க பாப்போம்."

கடகட சாரிடம் சொல்லத்தக்க வார்த்தையா அது? மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினவர் போல எழுந்தார். பக்கத்து அறையில் அவர்கள் டீ போடுகிற ஸ்டவ் இருந்தது. ஒரு வாணலியும் கிடைத்தது. கொட்டையைப் போட்டுக் கரண்டியால் கிளற ஆரம்பித்தார். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் மர நிறமாகி, இனிமேல் பேசப் போகிறது என்கிற நேரத்தில், கட்டடமே அதிர்கிற மாதிரி வெளியே ஒரு விமானம் கிளம்பியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

சார் தவித்துப்போனார். காதை வாணலிக்குள்ளேயே கொண்டுபோனார். கிருதா மயிர் பொசுங்கிற்று. ஒரு காவல்காரர் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தச் சமயம் பார்த்து சார்ஜென்ட், "யோவ், கருகப் போகுதுய்யா!" என்று வாணலியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"சார், சார், இன்னும் முடியல சார்! பாதிதான் வந்திருக்கு!"

"வந்த வரைக்கும் போதும்."

இஞ்சி இடிக்கிற கல்லில் இடித்து, துணியில் வடிகட்டி, பாலைக் காய்ச்சி ஊற்றினார்கள். அந்த அறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது. இத்தனை வருஷம் பக்கத்துப் போர்ஷனில் இருந்த எனக்கு அது புதுசு.

அந்த நேரத்தில் டீச்சரம்மா சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். சார்ஜென்ட் அவரைக் கண்டதும் காரணம் தெரியாமலே நிமிர்ந்து நின்றார்.

"இவர் என் வீட்ல குடியிருக்கார். ஒற்றர் இல்ல" என்றார் டீச்சரம்மா. "ஒற்றரா இருந்தா எங்க இருக்கார்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இவர் எங்க இருக்கார்னு புகையைப் பாத்தே பல்லாவரம் வரைக்கும் தெரியும்."

சார்ஜென்ட் சிரித்துவிட்டார். ஒரு கிளாஸ் காபியை டீச்சரம்மாவிடம் மரியாதையாக நீட்டினார். விமானப்படைக்காரர் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"யார் வறுத்தது?"

"இவர்தாம்மா."

டீச்சரம்மா கிளாஸைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். ஒத்துக்கொள்ள மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் உண்மை உண்மைதானே. "நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு. சரி சார், சொன்னா சொன்னதுதான். டிரம் இருக்கட்டும்."

எனக்குச் சாமி கும்பிடலாம் போல் இருந்தது. கடகட சார் தலையை ஆட்டினார்.

"வேணாம் டீச்சர். இதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. இது முழுசா வறுத்ததில்ல. பாதியில புடுங்கிட்டாங்க. பாதித் தந்திக்குக் கையெழுத்து வாங்கற மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வறுத்துத் தர்றேன். அதுக்குச் சொல்லுங்க தீர்ப்பு."

நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியத்தை அப்போது செய்தேன். அவர் காலை மிதித்தேன்.

"ஏன் தம்பி கால மிதிக்கறே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார் சார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள். "இன்னா மனுசன் சார் நீங்க? ஜெயிச்சத எவனாவது தொலைச்சுட்டு வந்துகினு இருப்பானா? பேஜாரு புடிச்ச ஆளு சார் நீங்க."

"நியாயமா ஜெயிக்கணும்மா" என்றார் அவர். "டீச்சரை ஏமாத்தலாமா?"

ராணி விடுகிற ஆள் இல்லை. என்னிடம் திட்டம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம அவரு வறுக்க சொல்ல, நடுவுல நீ வவுத்து வலின்னு கத்து. அவரு ஓடியாந்துடுவாரு. நான் போயி டிரம்ம எறக்கிடறேன்."

ஞாயிறு வந்தது. ஆகாயம் சுத்தமாக இருந்தது. ஒரு விமானம் கிடையாது. ஒரு காக்கை கிடையாது. சார் முக்காலியில் உட்கார்ந்து சுற்றினார். கொட்டை பேச ஆரம்பித்தது. ராணி கதவிடுக்கிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். நான் கத்துவதற்காக மூச்சை இழுத்தேன். வந்தது ஒரு சின்ன இருமல்.

"தம்பி, இருமல் வந்தா அந்தாண்ட போயிட்டு வா. கேக்க மாட்டேங்குது" என்றார் சார், திரும்பாமலே.

ராணி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. டிரம் தன் செய்தியைக் கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தது.

டீச்சரம்மா முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் டம்ளரை இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் ராணியும் கதவோரம் நின்றோம். டீச்சரம்மா ஒரு வாய் குடித்தார். கண் ஒருமுறை மூடித் திறந்தது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. யாராக இருந்தாலும் அங்கேயே டம்ளரைக் கீழே வைத்திருப்பார்கள். அவர் வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி டீச்சர்?" சார் அப்படியே நின்றார், அந்தப் படத்தை நீட்டுகிற முகத்தோடு.

டீச்சரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு டம்ளரை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்றார். "அடுத்த ஞாயிறும் கொண்டு வாங்க. அப்புறம் சொல்றேன். அது வரைக்கும் டிரம் இருக்கட்டும்."

சாருக்கு ஒரே சந்தோஷம். "கறாரான டீச்சர் தம்பி! லேசுல மார்க் போட மாட்டாங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனார்.

ராணி அவர் போகும் வரை பொறுத்திருந்தாள். "டீச்சரம்மா, அது காபியா? கஷாயம்மா அது. நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும். அடுத்த வாரமும் கேக்கறீங்களே!"

டீச்சரம்மா அவளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்னொரு சொம்பும் குடித்தார். அப்புறம் சொன்னார்: "ராணி, நான் எத்தனையோ பரீட்சை நடத்தியிருக்கேன். போட்ட மார்க்கை எனக்குச் சேராதுன்னு திருப்பிக் குடுத்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

அடுத்த ஞாயிறும் தீர்ப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வருஷக்கணக்கில் டீச்சரம்மா அந்தக் கஷாயத்தைக் குடித்தார். வருஷக்கணக்கில் "அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளைச் சேலையைக் காயப்போட மட்டும் தெருப்பக்கம் புதுசாக ஒரு கொடி கட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்த டீச்சரம்மா பின்பக்கம் வந்து நின்றார். "மணி பத்தாகப் போகுது. டிரம் சத்தமே காணோமே?"

"சாருக்குக் காய்ச்சல்ம்மா" என்றேன். "ராத்திரியிலேருந்து. நான் உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். ராணி கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கா."

அவரிடம் நான் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளே போய் சாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சார் எழுந்திருக்கப் பார்த்தார். "டீச்சர், இன்னிக்கு உங்களுக்கு…"

"படுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

மார்க்கெட் தெருவில் அப்போது நல்ல காபிக் கடைகள் இருந்தன. போய் வாங்கி வர எனக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா, ராணி, நான், மூன்று பேருமே காபி குடிக்கவில்லை.